நிறுவனத்திற்குச் சாதி உண்டா? பாலைநிலத்தின் 'பசுமை' விடுதிகளை வாசிக்கும் முறை

ராஜஸ்தானின் மேற்கே ஜெய்சல்மேர், பார்மேர், ஜோத்பூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் தார்ப் பாலைநிலம் இன்று இந்தியச் சுற்றுலாத் துறையின் விலையுயர்ந்த சரக்குகளுள் ஒன்று. மணல்மேடுகளுக்கு நடுவே கூடாரங்களும், மஞ்சள் கல்லில் எழுப்பிய கோட்டை வடிவ மாளிகைகளும், மண் பூசிய குடில்களும் சொகுசு விடுதிகளாக எழுகின்றன. இவற்றுள் பல 'சூழலுக்கு இசைந்தவை' என்ற அடையாளத்துடன் விற்கப்படுகின்றன. சூரிய மின்சாரம், மழைநீர்ச் சேகரிப்பு, உள்ளூர்க் கட்டுமானப் பொருள், கழிவுநீர் மறுசுழற்சி ஆகியவை அவற்றின் விளம்பர ஏடுகளில் தவறாமல் இடம்பெறும்.

இவை எல்லாமே பொய் என்று நாம் சொல்லவில்லை. பாலைநிலத்தில் கட்டடம் எழுப்புவதற்கு நல்ல முறைகளும் கெட்ட முறைகளும் உண்டு. நல்ல முறை எது என்பதைத் தெரிந்துகொள்வது செயற்பாட்டாளர்களுக்கும் பயன்படும். ஆனால் அந்த மதிப்பீட்டில் மூன்று கேள்விகள் வழக்கமாக விடுபடுகின்றன. நிலம் யாருடையது? நீர் யாருடைய பங்கிலிருந்து வருகிறது? கட்டுவதும் கழுவுவதும் ஆடுவதும் யார்? கட்டடங்களுக்குப் பசுமைச் சான்று வழங்கும் முறைகள் ஆற்றல், நீர், பொருள், கழிவு ஆகியவற்றைப் புள்ளியிட்டு அளக்கின்றன. சாதிக்கென்று அங்கே தனி அளவுகோல் இல்லை. அந்த இடைவெளியைச் சட்டத்தின் துணைகொண்டு நிரப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெப்பத்தை வெல்லும் அறிவு யாருடையது?

பாலைநில வெயில் எளிய எதிரியன்று. ஜோத்பூருக்கு வடக்கே உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. பகலில் கொதிக்கும் அதே நிலம் இரவில் விரைந்து குளிரும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பயன்படுத்துவதே பாலைநிலக் கட்டடக்கலையின் அடிப்படை. தடித்த கற்சுவரும் மண்சுவரும் பகல் வெப்பத்தை மெல்ல உள்வாங்கி, அது அறைக்குள் வந்து சேர்வதைத் தாமதப்படுத்துகின்றன. ஜெய்சல்மேர் நகரின் குறுகிய தெருக்களில் எதிரெதிர் வீடுகள் ஒன்றுக்கொன்று நிழலாகின்றன. முற்றம் இரவின் குளிர்காற்றைப் பிடித்து வைக்கிறது. கல் சாளர வேலைப்பாடு வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகிறது.

நல்ல விடுதி வடிவமைப்பு இவற்றைப் பின்பற்றும்; கண்ணாடிச் சுவரையும் புல்வெளியையும் தவிர்க்கும்; அயல் மரங்களை நடாமல் கேஜ்ரி மரத்தையும் சேவண் புல்லையும் காக்கும். இதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இந்த அறிவை 'மரபு' என்ற பெயரற்ற பெட்டிக்குள் போடும்போது அதன் உடைமையாளர்கள் மறைந்துபோகிறார்கள். மண்சுவர் எழுப்பி, சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி, ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் உழைப்பில் மேக்வால் உள்ளிட்ட தலித் சமூகப் பெண்களின் பங்கு பெரிது. கட்ச் பகுதியில் சுவரில் மண்ணால் புடைப்போவியம் தீட்டிக் கண்ணாடித் துண்டு பதிக்கும் கலைக்குப் பெயர்பெற்றவர்களில் மேக்வால் பெண்களும் உண்டு. விடுதியின் ஏட்டில் கட்டடக்கலைஞரின் பெயர் இருக்கும். பூசியவரின் பெயர் கூலிப் பதிவேட்டிலும் இருக்குமா என்பது ஐயமே.

கல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. உள்ளூர்க் கல் என்பதால் போக்குவரத்து எரிபொருள் மிச்சம், உண்மை. ஆனால் ஜோத்பூர் மணற்கல் சுரங்கங்களில் கல் உடைப்போரின் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்து சிலிகோசிஸ் நோய் வருகிறது. அதற்கு முழுக் குணமளிக்கும் மருந்து கிடையாது. இந்நோயாளிகளின் எண்ணிக்கை மிகுந்ததால்தான் ராஜஸ்தான் அரசு 2019இல் தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. சுரங்கத் தொழிலாளருள் பெரும்பான்மையோர் தலித்துகளும் பழங்குடியினரும். ஆகவே 'உள்ளூர்க் கல்' என்ற சொல்லைக் கேட்கும்போது, அந்தக் கல் நீர் தெளித்துத் தூசி அடக்கும் முறையில் வெட்டப்பட்டதா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

வெற்று நிலம் என்று ஒன்று உண்டா?

விடுதிகளின் விளம்பரத்தில் பாலைநிலம் எப்போதும் ஆளற்ற வெளி. அரசின் ஆவணங்களில் அது 'பாழ்நிலம்'. இரண்டுமே தவறு.

ஜெய்சல்மேர்ப் பகுதியில் 'கடீன்' என்ற பழைய வேளாண் முறை இருக்கிறது. கற்பாங்கான மேட்டுநிலத்தில் விழும் மழை சரிந்து ஓடிவரும்போது, தாழ்வான பகுதியில் மண்கரை எழுப்பி அதைத் தேக்குகிறார்கள். நீர் மண்ணுக்குள் இறங்கிய பின், அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளைகின்றன. ஒரு பங்கு வயலுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு மேட்டுநிலம் நீர் தருகிறது. அந்த மேட்டுநிலத்தில் எதுவும் விளையாது. பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் கல்தரை. 'யாருக்கும் பயன்படாத' அந்த இடத்தில் விடுதியும் மதிற்சுவரும் தார்ச்சாலையும் வந்தால், கீழே உள்ள வயல் காய்ந்துபோகும். விடுதி யாருடைய வயலிலும் கால் வைத்திருக்காது. ஆனாலும் வயல் போய்விடும்.

இதுபோன்றதே 'ஓரண்' எனப்படும் கோயிற்காடுகளின் நிலை. தெய்வத்தின் பெயரால் வெட்டாமல் காக்கப்பட்ட இந்த மேய்ச்சல் காடுகளில் பல, வருவாய்ப் பதிவேட்டில் பாழ்நிலமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. சொந்த நிலம் இல்லாத தலித் குடும்பத்தின் நாலைந்து ஆடுகள் உயிர்பிழைப்பது இங்கேதான். 2024 டிசம்பர் 18 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் இத்தகைய புனிதக் காடுகளை அளந்து வரைபடமாக்கி அறிவிக்கை செய்யுமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஓரண்களின் நிர்வாகம் பல ஊர்களில் ஆதிக்கச் சாதியினர் கையில் இருக்கிறது. அறிவிக்கைக்குப் பின் அமையும் காப்புக் குழுக்களில் தலித் மேய்ச்சலாளர்களுக்கு இடம் இல்லையென்றால், விடுதியிடமிருந்து மீண்ட நிலம் வேறொரு வேலிக்குள் போய்ச் சேரும்.

பொதுநிலத்தைக் காக்கச் சட்டம் ஏற்கெனவே சில கருவிகளைத் தந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் ராஜஸ்தான் குத்தகைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, மேய்ச்சல் நிலத்திலும் ஆறு, ஏரிப் படுகைகளிலும் எவருக்கும் நிலவுரிமை பிறக்காது என்கிறது. 2004இல் அப்துல் ரகுமான் வழக்கில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் நீர்நிலைகளையும் அவற்றின் நீர்ப்பிடிப்புகளையும் விடுதலைக் காலத்து நிலைக்கு மீட்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. கருவிகள் இருக்கின்றன; அவற்றை யார் எடுத்துப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி.

42ஆம் பிரிவும் சாதியற்ற நிறுவனமும்

தனியார் நிலத்திற்கு வருவோம். ராஜஸ்தான் குத்தகைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் தம் வேளாண் நிலத்தைப் பட்டியல் சாதி அல்லாத ஒருவருக்கு விற்றாலோ, தானமாகவோ உயில் மூலமாகவோ தந்தாலோ அது செல்லாது என்கிறது. பழங்குடியினருக்கும் இதேபோன்ற காப்பு உண்டு. தமிழ்நாட்டின் பஞ்சமி நிலப் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் நியாயம் விளக்கத் தேவையில்லை. கடனும் மிரட்டலும் ஆசைகாட்டலும் சேர்ந்து தலித்தின் கைரேகையைப் பத்திரத்தில் வாங்கிவிடும் என்பதை அறிந்தே, 'விருப்பத்தோடு விற்றார்' என்ற வாதத்தைச் சட்டம் முன்கூட்டியே அடைக்கிறது.

இந்தக் காப்பை உடைக்க ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டுபிடிக்கப்பட்டது. தனிமனிதர் வாங்கினால்தானே சாதி பார்ப்பார்கள், நிறுவனம் வாங்கினால்? நிறுவனம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர். ஆனால் அது பிறப்பதில்லை, அதற்குச் சாதிச் சான்றிதழும் இல்லை. எனவே பட்டியல் சாதியினரின் நிலத்தை நிறுவனம் வாங்குவதை 42ஆம் பிரிவு தடுக்காது என்பது வாதம். ஆஞ்சனேய ஆர்கானிக் ஹெர்பல் என்ற நிறுவனத்தின் வழக்கில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியது. பட்டியல் சாதியினரின் நிலம் அவர்களிடமே இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். வாங்குபவர் மனிதரா நிறுவனமா என்பதைப் பொறுத்து அந்நோக்கம் மாறாது. ஆகவே அந்த விற்பனை செல்லாது என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பின் பொருளை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். விடுதிகள் பெரும்பாலும் நிறுவனங்களாகவே வருகின்றன. பட்டியல் சாதியினரின் வேளாண் நிலத்தை விடுதி நிறுவனம் நேரடியாக வாங்கியிருந்தால், அந்தப் பத்திரம் எத்தனை கைமாறினாலும் அதன் அடிப்படை செல்லாததே. ஆகவே நடைமுறையில் வேறு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, பினாமி. நிறுவனத்தின் ஊழியராகவோ ஓட்டுநராகவோ இருக்கும் வேறொரு தலித்தின் பெயரில் நிலம் வாங்கப்படும். மற்றொன்று, நிலப் பயன்பாட்டு மாற்றம். 1956ஆம் ஆண்டின் ராஜஸ்தான் நில வருவாய்ச் சட்டம் 90-அ பிரிவின்கீழ் வேளாண் நிலத்தை வேளாண்மை அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றலாம். உரிமையாளர் பெயரிலேயே முதலில் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வைத்து, 'இது இனி வேளாண் நிலமன்று' என்ற நிலையை உருவாக்கிய பின் கைமாற்றுவார்கள். மூன்றாவது, நீண்டகால வாய்மொழிக் குத்தகை. பத்திரமே இல்லாததால் பார்வைக்குச் சட்டமீறலும் இல்லை.

இவற்றை எதிர்கொள்ளச் சட்டத்திற்குள்ளேயே வழி உண்டு. குத்தகைச் சட்டத்தின் 183-ஆ பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிலத்தில் அத்துமீறி இருப்பவரைச் சுருக்கமான நடவடிக்கை மூலம் வெளியேற்றலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்திற்குப் பின் அமைந்த 3(1)(எஃப்), 3(1)(ஜி) கூறுகள் நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவதையும், நிலத்திலிருந்து வெளியேற்றுவதையும், நிலம் அல்லது நீர் மீதான உரிமையை அனுபவிக்கவிடாமல் தலையிடுவதையும் குற்றமாக்குகின்றன. கடீன் வயலுக்கு வரும் நீரை மறிப்பதும் இதன்கீழ் வாதிடத்தக்கது என்பது எங்கள் கருத்து. புகாரில் நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதாமல், செயலைச் செய்தவர், கட்டளையிட்டவர் ஆகியோரையும் பெயர் குறிப்பிட்டு எழுதுவது வழக்கை வலுவாக்கும்.

நீரின் கணக்கு

ஜெய்சல்மேரின் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஆவியாவது சுமார் 2 மீட்டர் உயரம். அதாவது பெய்வதைப்போல் பத்து மடங்கு. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஒரு நீச்சல் குளத்தைப் பார்ப்போம். 200 சதுர மீட்டர் பரப்புள்ள குளம் ஒன்றிலிருந்து ஓராண்டில் ஆவியாகும் நீர் 400 கன மீட்டர். அதாவது 4 லட்சம் லிட்டர். ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் குடிநீருக்கெனப் பரிந்துரைத்த 'டாங்கா' நிலத்தடித் தொட்டியின் கொள்ளளவு 21,000 லிட்டர். ஒரு குளம் வெறுமனே காற்றில் விடும் நீர் 19 குடும்பங்களின் ஓராண்டுக் குடிநீர். யாரும் அதில் குளிக்காவிட்டாலும் கணக்கு இதுதான்.

'மழைநீரைச் சேகரிக்கிறோம்' என்பது விடுதியின் பதில். 1,000 சதுர மீட்டர்க் கூரையில் விழும் மழை ஒரு துளியும் வீணாகாமல் சேர்ந்தாலும் ஆண்டுக்கு 2 லட்சம் லிட்டர்தான். குளத்தின் ஆவியாதலில் பாதிக்கே அது காணும். குளியலறை, சலவை, சமையலறை, தோட்டம் ஆகியவற்றுக்கான நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ, லாரியிலிருந்தோ, இந்திரா காந்தி கால்வாயிலிருந்தோ வந்தாக வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023 மதிப்பீட்டில் ராஜஸ்தானின் வட்டாரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மிகையாக உறிஞ்சப்பட்டவை. பாலைநிலத்தின் ஆழத்திலுள்ள நன்னீரில் பெரும்பகுதி முற்கால ஈரப் பருவங்களில் சேர்ந்தது. எடுத்தால் மீண்டும் நிரம்புவது அரிது.

நீர் குறையும்போது அது எல்லாருக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. கிணற்றில் தலித்துகள் தாமே இறைக்கக் கூடாது, பிறர் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்ற வழக்கம் ராஜஸ்தான் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. முற்றாக ஒழிந்துவிடவும் இல்லை. 1927இல் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்த நிகழ்வுக்கு முக்கால் நூற்றாண்டு கழித்து, 2001இல் ஜெய்ப்பூர் மாவட்டத்தின் சக்வாடா ஊரில் பொதுக்குளத்தின் படித்துறையில் குளித்ததற்காகத் தலித்துகள் ஊர்விலக்குக்கு ஆளானார்கள். இத்தகைய ஊர்களில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால், வரிசையில் கடைசியில் நிற்பவருக்கே முதலில் குடம் காலியாகும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்-ஏ) கூறு பொதுவளங்களையும், கிணறு, குளம், குழாய் உள்ளிட்ட நீர்நிலைகளையும், புதைகாட்டையும் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. விடுதியின் வேலி பொதுக்கிணற்றுக்குச் செல்லும் வழியை அடைக்குமானால் இக்கூறு அங்கே பேசும்.

மறுசுழற்சியின் அடியில் நிற்பவர்

கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்திற்கு விடுவது பாலைநிலத்தில் மிகவும் தேவையான ஏற்பாடு. ஆனால் தொட்டி அடைத்துக்கொள்ளும், கசடு படியும், யாரோ ஒருவர் அதைச் சரிசெய்தாக வேண்டும். கழிவுத்தொட்டிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணத்திற்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இறங்குபவரின் சாதி என்ன என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே வடிவமைப்பு நிலையிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: மனிதர் ஒருவர்கூட உள்ளே இறங்காமல் இந்த அமைப்பைப் பராமரிக்க முடியுமா? உறிஞ்சு வண்டி தொட்டிவரை வர வழி உண்டா? வெளியிலிருந்தே அடைப்பு நீக்கும் திறப்புகள் உண்டா? நாணல் படுகை போன்று திறந்த வெளியில் இயங்கும் முறை பயன்படுத்தப்பட்டதா? வரைபடத்தில் இதற்கு விடை இல்லையென்றால், அந்த விடுதி தன் பசுமையின் ஒரு பகுதியைத் தலித்தின் உயிரைப் பணயம் வைத்தே நடத்துகிறது.

மாலையில் நெருப்பைச் சுற்றி ஆடும் கால்பேலியாப் பெண்கள் ராஜஸ்தானின் பட்டியல் சாதிகளுள் ஒன்றைச் சேர்ந்தவர்கள். பாம்பு பிடித்து வாழ்ந்த அச்சமூகத்தின் தொழில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. 2010இல் அவர்களது பாட்டும் ஆட்டமும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன. இறந்தோரைப் புதைக்கும் வழக்கமுடைய இந்தச் சமூகத்தின் பல குடியிருப்புகள் இன்றும் மனைப்பட்டாவுக்கும் புதைகாட்டுக்கும் போராடிக்கொண்டிருக்கின்றன. ஆட இடம் உண்டு; அடக்கம் செய்ய இடம் இல்லை.

மாற்று உண்டு

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பன்னிப் புல்வெளியிலுள்ள ஹோட்கா ஊரில் 'ஷாம்-எ-சர்ஹத்' என்ற விடுதி இருக்கிறது. மத்தியச் சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நடத்திய ஊரகச் சுற்றுலாத் திட்டத்தின்கீழ் உருவான இதை, ஊரின் சுற்றுலாக் குழுவே நடத்துகிறது. 2001 சனவரி 26 நிலநடுக்கத்தில் கான்கிரீட் கட்டடங்கள் விழுந்தபோது பல 'பூங்கா' வட்டக் குடில்கள் தாங்கி நின்றன. அந்த அறிவை முன்வைத்து, பூஜ் நகரின் ஹுன்னர்ஷாலா அமைப்பின் துணையுடன் ஊர்மக்களே குடில்களைக் கட்டினார்கள். ஹோட்காவில் முஸ்லிம் மேய்ச்சல் சமூகத்தினரும், தோல்வேலையும் பூவேலையும் செய்யும் மேக்வால்களும் வாழ்கிறார்கள்.

இதை நாம் குறையற்ற முன்மாதிரியாகக் காட்டவில்லை. ஊர்க்குழு என்றாலே சமத்துவம் வந்துவிடாது. குழுவில் யார் அமர்கிறார்கள், வருவாய் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை அங்கும் கேட்க வேண்டும். ஆனால் கட்டுபவரே உடைமையாளராகவும் இருக்கலாம் என்பதை அது காட்டுகிறது. நிலத்தை வாங்காமலும் விருந்தோம்பல் நடத்த முடியும் என்பதற்கு அது சான்று.

செயற்பாட்டாளர்களுக்கு

பெரும்பாலான பாலைநில விடுதிகளின் திட்டங்கள் ஊர்மக்களின் கருத்துக்கே வருவதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. அதற்கு மேற்பட்ட கட்டடத் திட்டங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே கேள்விகளை நாமே எழுப்ப வேண்டும்.

முதலாவதாக, ராஜஸ்தான் அரசின் 'அப்னா காதா' இணையதளத்தில் நிலப் பதிவேடு எவருக்கும் திறந்திருக்கிறது. விடுதியின் சர்வே எண்ணுக்கு முன்பு யார் உரிமையாளர், நிலவகை என்ன என்று பாருங்கள். இரண்டாவதாக, 90-அ பிரிவின்கீழ் வழங்கிய பயன்பாட்டு மாற்ற ஆணையின் நகலையும், ஆழ்துளைக் கிணற்று அனுமதியையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேளுங்கள். மூன்றாவதாக, பழைய ஊர் வரைபடத்தை எடுத்து, விடுதி நிற்கும் இடம் ஏதேனும் குளத்துக்கோ கடீனுக்கோ நீர்ப்பிடிப்பா என்று ஒப்பிடுங்கள். நான்காவதாக, கழிவுத்தொட்டியைப் பராமரிக்கும் ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, எந்திரம் உண்டா என்று விசாரியுங்கள். கட்டடக்கலையும் சட்டமும் பயிலும் மாணவர்கள் சேர்ந்து இந்த நான்கையும் ஒரே ஒரு விடுதிக்குச் செய்து பார்த்தாலும் அது பெரும்பணி.

தண்ணீரை அளக்கவும் மின்சாரத்தை அளக்கவும் கருவிகள் வந்துவிட்டன. நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்தை அளக்கும் கருவி சட்டமும் அமைப்பாதலும்தான். அந்த அளவீட்டில் தேறாத எந்த விடுதியையும் நாம் பசுமையானது என்று ஏற்க வேண்டியதில்லை.